தோழியின் பிளவுஸ் மிச்சத்தில் ஒரு போர்வை

ஒரு மீட்டர் துணியில் பிளவுஸ் வெட்டினால் முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி, கிராஸ் பீஸ் எல்லாம் போகக் கொஞ்சம் மிஞ்சும். கழுத்து வெட்டில் ஓர் அரைவட்டம் விழும். அக்குள் வெட்டில் வளைந்த துண்டு ஒன்று. கைக்கும் துணி ஓரத்துக்கும் நடுவே நீளமாக ஒரு கீற்று. கொஞ்சம் யோசித்து வெட்டினால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நல்ல துண்டும் தேறும். இதையெல்லாம் குப்பையில் போட எனக்கு மனசு வந்ததே இல்லை. மதுரையில் வீட்டிலேயே மெஷின் போட்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். கட்டிங் டேபிளுக்கு அடியில் இரண்டு அரிசிச் சாக்கு எப்போதும் இருக்கும். ஒன்று எல்லாருடைய மிச்சத்துக்கும். இன்னொன்று என் தோழியின் மிச்சத்துக்கு மட்டும்.

அவளுக்கென்று தனிச் சாக்கு வைக்க வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. நான் தையல் கற்றுக்கொண்டதே அவள் துணியில்தான். பள்ளியில் ஒரே பெஞ்சு நாங்கள். அவள் பி.எட். முடித்து வேலைக்குப் போனாள், நான் மெஷினில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அவள் வேறு யாரிடமும் பிளவுஸ் தைக்கக் கொடுத்ததில்லை. ஒரு கட்டத்தில் அவள் துணி மட்டும் சேர்ந்து தனிப் பொட்டலம் ஆனது, அது சாக்கானது.

போன வருஷம் பதவி உயர்வில் அவளுக்கு உதகைக்கு மாறுதல் வந்தது. மதுரை வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவள். உதகை கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊர். போனில் பேசும்போதெல்லாம், "ராத்திரி பேப்பர் திருத்த உட்கார்ந்தா கால் மரத்துப்போகுதுடி" என்பாள். கட்டில் போர்வை அவளிடம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து மடியிலும் காலிலும் போர்த்திக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. என்ன தைக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. கூடவே வெந்நீர்ப் பைக்கு ஓர் உறை, அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கச் சில பிடிதுணிகள்.

மிச்சத் துணியில் பரிசு தைப்பது பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. அதை வாங்கிக்கொள்கிறவர் தினமும் புழங்க வேண்டும், துவைத்துக் காயப்போட வேண்டும். 'நீ தைத்தது, அழுக்காகிவிடுமே' என்று பீரோவில் மடித்து வைக்கிற மாதிரி இருந்தால் நான் என் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். அதனால் எனக்கு முதல் வேலை அழகு பார்ப்பது இல்லை, துணியைப் பிரிப்பது.

சாக்கைக் கூடத்தில் கொட்டினேன். அளவு நோட்டையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். எந்தத் தையல்காரியைக் கேட்டாலும் சொல்வாள், அளவு நோட்டு ஒரு மனுஷியின் உடம்புக் கதை. அவள் பக்கங்களில் இடுப்பு கூடியது, குறைந்தது, மகள் வயிற்றில் இருந்தபோது பக்கத் தையலைப் பிரித்துவிட்டது, தோள்வலி வந்த வருஷம் கையை லூசாக வைக்கச் சொன்னது எல்லாம் பென்சிலில் இருக்கின்றன. ஒவ்வொரு அளவுக்குப் பக்கத்திலும் என்ன துணி என்று ஒரு வார்த்தை எழுதி வைப்பது என் வழக்கம். 'பச்சை கோஆப்டெக்ஸ்', 'சிவப்பு சுங்குடி', 'அம்மா சேலை' என்று. துண்டை எடுத்து நோட்டைப் புரட்டினால் எந்த வருஷம், எதற்காகத் தைத்தது என்று தெரிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளுக்கு எடுத்த பச்சைக் கைத்தறி. சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்குப் போகக் கட்டிய சுங்குடி. அவள் அம்மா இறந்தபிறகு அம்மாவின் பருத்திச் சேலையைக் கொண்டுவந்து, "இதுல ரெண்டு பிளவுஸ் வருமா பாரு" என்று கேட்ட அந்த வெளிர் ஊதா. அந்தத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலையே ஓடவில்லை.

அப்புறம் பிரிக்க உட்கார்ந்தேன். பருத்தி ஒரு பக்கம், பட்டு ஒரு பக்கம், ஜார்ஜெட்டும் பாலியஸ்டர் கலந்ததும் ஒரு பக்கம். சந்தேகமான துணியில் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். போர்வையின் மேல்பக்கத்துக்குப் பருத்தி மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது, ஒன்று வழுக்கும். இவற்றை ஒன்றாகச் சேர்த்தால் இரண்டாவது துவையலில் தையலெல்லாம் இழுத்துக்கொள்ளும். அவள் கல்யாணப் பட்டின் மிச்சமும் சாக்கில் இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது, ஆனாலும் வைக்கவில்லை. அதைத் தனியாக ஒரு சின்னச் சுருக்குப்பை ஆக்கினேன்.

அடுத்தது சாயம். இங்கேதான் சுங்குடியோடு கவனம் வேண்டும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுக்கிற அந்தத் துணி எங்கள் ஊரின் பெருமை. ஆனால் அடர் சிவப்பும் அடர் நீலமும் முதல் சில துவையல்களில் சாயம் விடும். எல்லாத் துண்டுகளையும் நிறவாரியாகப் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை மாற்றினேன். கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். தானாக நிற்காத சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தி நான் பார்த்ததில்லை. எத்தனை அலசியும் தெளியாத துண்டை ஒதுக்கிவிடுவதே நல்லது. கடைசியில் ஈரத்துண்டின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு அயர்ன் செய்து பார்ப்பேன். வெள்ளையில் கறை ஏறாவிட்டால் போர்வைக்கு வரலாம். சின்னத் துண்டுகளை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டால் ஓரம் பிரிந்து நூல் முடிச்சாகிவிடும். பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டித் துவைக்க வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். மடிப் போர்வைக்கு 40க்கு 48 இன்ச் போதும். தைத்து முடிந்தபின் 4 இன்ச் கட்டமாக நிற்க வேண்டுமென்றால் நாலரை இன்ச்சாக வெட்ட வேண்டும், நான்கு பக்கமும் தையலுக்குக் கால் இன்ச் போய்விடும். குறுக்கே 10, நீளத்தில் 12, மொத்தம் 120 கட்டம். பிளவுஸ் தைக்கிற கைக்கு இந்தக் கால் இன்ச் பழக்கமில்லாதது. பிளவுஸில் பின்னால் பிரித்துவிடுவதற்காகத் தாராளமாகத் துணி விட்டுத்தான் தைப்போம். இங்கே விட்டால் பருமனாகிவிடும், குறைத்தால் பிரிந்துவிடும். ஒவ்வொரு கட்டமும் ஒரு நூல், அதாவது அரைக்கால் இன்ச், தவறினாலும் பத்துக் கட்டம் சேரும்போது ஒண்ணேகால் இன்ச் ஓடியிருக்கும். வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. மெஷின் தட்டின் மேல், ஊசியிலிருந்து சரியாகக் கால் இன்ச்சில் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிக்கொண்டு, துணியின் ஓரத்தை அதில் உரசியபடியே ஓட்டினேன்.

அக்குள் துண்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. அவை பெரும்பாலும் கிராஸாக, அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, விழும், இழுத்தால் நீளும். அதிலிருந்து கட்டம் வெட்டினால் நெளியும். அதனால் முழுக்கட்டம் வராத துண்டுகளுக்கு வேறு வழி. பழைய வேட்டியை நாலரை இன்ச் சதுரங்களாக வெட்டி, அதன் நடுவில் சின்னச் சதுரம் ஒன்றை வைத்து, சுற்றிச் சுற்றிக் கீற்றுகளைத் தைத்து மடித்து நிரப்பிக்கொண்டே போவது. அடியில் இருக்கும் வேட்டித்துணி எல்லாவற்றையும் இழுபடாமல் பிடித்துக்கொள்ளும். அரை இன்ச் கீற்றுக்குக்கூட அதில் இடம் கிடைக்கும். எனக்கு இந்தப் போர்வையில் ரொம்பப் பிடித்தவை இந்தக் கட்டங்கள்தான். ஒரே கட்டத்துக்குள் அவளுடைய நாலைந்து வருஷம் சுற்றி நிற்கிறது.

நிறம் அடுக்குவதை அவசரமாகச் செய்யக் கூடாது. கட்டங்களைத் தரையில் பரப்பி, ஸ்டூலில் ஏறி நின்று போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எது அடர்த்தி, எது வெளிர் என்று தெளிவாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறாக இருந்தாலும் படத்தில் ஒரே சாம்பலாக நிற்கும். அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்தவற்றைப் பிரித்து வைத்தேன். பூ, புள்ளி, கோடு எல்லாம் நெருக்கியடித்துக் கண்ணைக் குத்தாமல் நடுவில் வெறும் நிறம் வேண்டும். அதற்குத்தான் டூ பை டூ என்கிற ஒரே நிறப் பிளவுஸ் துணி இருக்கிறதே. சேலைக்குச் சேலை மேட்சிங் தேடி அவள் விளக்குத்தூண் கடைகளில் எடுத்த மஞ்சளும் மெரூனும் கிளிப்பச்சையும் சாக்கு நிறைய இருந்தன.

மேல்பக்கம் முடிந்தது. நடுவில் என்ன வைப்பது? என் பாட்டி காலத்தில் நடுவில் ஒன்றும் கிடையாது. பழைய சேலைகளை நாலைந்து மடிப்பாக்கி, பெரிய பெரிய ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்குப் படுக்கை தைப்பார்கள். வங்காளத்துக் காந்தாவும் அடிப்படையில் அதுதான், பழைய சேலைகளின் அடுக்கும் ஓட்டுத்தையலும். மதுரைக்கு அது போதும், உதகைக்குப் போதாது. இலவம்பஞ்சு எங்கள் பக்கத்தில் போடிநாயக்கனூரிலிருந்து வரும், தலையணைக்கும் மெத்தைக்கும் அருமையானது. ஆனால் துவைக்கிற போர்வைக்குள் போட்டால் நகர்ந்து மூலையில் திரண்டுவிடும். பருத்திப் பஞ்சு விரிப்பு எனக்குப் பிடித்தது, தோலுக்கும் இதம். ஆனால் மழையும் மூடுபனியுமான ஊரில் அது காய நாளாகும், காயாத போர்வையில் வாடை வந்துவிடும். ஆகவே மீட்டர் கணக்கில் கிடைக்கும் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பையே எடுத்தேன். எடை இல்லை, கதகதப்பு உண்டு, சீக்கிரம் காயும். அடிப்பக்கத்துக்கு அவள் அம்மாவின் அந்த வெளிர் ஊதாச் சேலையில் மிஞ்சியிருந்த உடல் பகுதி. நன்றாகப் புழங்கி மெத்தென்று ஆன பருத்தி. அவளே என்னிடம் கொடுத்து வைத்திருந்தது அது. காலில் படுகிற பக்கம் அம்மா சேலையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மூன்றையும் சேர்ப்பதற்குத் தரை வேண்டும், முதுகும் வேண்டும். அடித்துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து ஓரங்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டி, பஞ்சை விரித்து, மேல்துணியை வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீளநீளமாகப் பேஸ்டிங், அதாவது பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல், போட்டேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் குவிந்துவிடும். பிறகு மெஷினுக்குக் கொண்டு போகவில்லை. சாதாரண பாதத்தில் கீழ்த்துணியை மெஷினின் பற்கள் இழுத்துக்கொண்டே போகும், மேல்துணி பின்தங்கும். வட்டச் சட்டத்தில் மாட்டி, எம்பிராய்டரி நூலில் மூன்று இழை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் உள்ளேயும் ஓட்டுத்தையல் போட்டேன். வேலை முடிந்த சாயந்தரங்களில், டிவி ஓடும் கூடத்தில், மடியில் போட்டுக்கொண்டு. வைகாசிப் புழுக்கத்தில் மடியில் போர்வை வைத்துத் தைப்பது சுலபமில்லை. ஆனால் அவள் எங்கே உட்கார்ந்து போர்த்தப் போகிறாள் என்பது மனசில் இருந்தது.

ஓரத்துக்கு இரண்டரை இன்ச் பட்டி. நேர் ஓரம்தான் என்பதால் கிராஸில் வெட்ட வேண்டியதில்லை. இரண்டாக மடித்து முன்பக்கம் மெஷினில் அடித்து, பின்பக்கம் திருப்பிக் கையால் மூட்டினேன். மூலைகளில் வேறொன்று சேர்த்தேன், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஹலியாள், எல்லாப்பூர், முண்டகோடு பக்கம் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்தப் பெண்கள் பழந்துணியில் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். நான் சொன்ன கட்டக் கணக்கு எதுவும் அதில் இல்லை. அடித்துணியின் ஒரு மூலையில் ஆரம்பித்து, கையில் கிடைக்கிற துண்டை ஓரம் மடித்து வைத்து, ஓட்டுத்தையலால் பிடித்துக்கொண்டே நாலு பக்கமும் சுற்றி, மெல்ல நடுவுக்கு வந்து சேர்வார்கள். கடைசித் துண்டு நடுவில் விழும். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை அடுக்கி வைப்பார்கள், பூ மாதிரி. அது இல்லாவிட்டால் அந்தப் போர்வை அவர்களுக்கு நிறைவானது இல்லை. அளவுக்கு வராத துண்டையும் மதித்து இடம் கொடுக்கிற அந்த முறை எனக்கு அவ்வளவு பிடிக்கும். வெந்நீர்ப் பை உறையை முழுக்க அந்த முறையிலேயே தைத்தேன். கழுத்து வெட்டின் அரைவட்டத் துண்டுகள் கட்டத்துக்கும் கீற்றுக்கும் உதவாதவை. அவை எல்லாம் அங்கே போய் உட்கார்ந்தன. உறையின் பின்பக்கம் பிளவுஸ் மாதிரியே ஒன்றின் மேல் ஒன்று ஏறும் திறப்பு வைத்தேன், பட்டன் தேவையில்லை. போர்வையின் நாலு மூலைக்கும் சுங்குடியில் முக்கோணங்கள்.

பிடிதுணிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. அதில் பாலியஸ்டர் துளியும் கூடாது, பஞ்சிலும் சரி, நூலிலும் சரி. சூடான தோசைக்கல்லில் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். மேலே பருத்தித் துண்டுகள், நடுவில் பழைய பருத்தித் துவாலை இரண்டு மடிப்பு, அடியில் கிழிந்த ஜீன்ஸ். பருத்தி நூலில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு இன்ச் இடைவெளியில் மெஷினில் அடித்தால் போதும். ஈரமாக இருக்கும்போது மட்டும் அதால் பாத்திரம் பிடிக்கக் கூடாது. ஈரத்துணி சூட்டை நேரே கைக்குக் கடத்திவிடும்.

பார்சலோடு ஒரு தாளில் துவைக்கிற முறையை எழுதி வைத்தேன். குளிர்ந்த தண்ணீர், லேசான சோப்பு, முறுக்கிப் பிழியாமல் அழுத்தி வடித்து, கொடியில் இரண்டு கம்பிக்கு நடுவே விரித்துக் காயப்போடு என்று. இன்ன துணி இன்ன நாள் என்று எதுவும் எழுதவில்லை.

அவள் பார்சல் பிரித்த அன்று வீடியோ காலில் வந்தாள். முதலில் வெறும் வாழ்த்துப் பேச்சு. அப்புறம் போர்வையை மடியில் போட்டு விரலால் தடவிக்கொண்டே வந்தவள் நிறுத்தி, "ஏய், இது எனக்கு முதல் நாள் ஸ்கூலுக்குத் தைச்ச பச்சைதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "இது பாப்பா வயித்துல இருக்கும்போது போட்டது." ஆமாம். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அவள் நோட்டே இல்லாமல் சொன்னாள். சிலவற்றில் எனக்குத் தெரியாததும் வந்தது. அந்த மெரூன் பிளவுஸோடுதான் அவள் கணவர் முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தபோது நின்றாளாம், சேலையின் நிறம் நினைவில்லை, பிளவுஸ் நினைவிருக்கிறது என்றாள். அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது பேசவில்லை. மகளைக் கூப்பிட்டு, "ஆச்சி சேலை, பாரு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் நேரத்தில் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். கட்டாயம் சொல்லிக்கொடு என்றேன், ஆனால் போர்வையில் ஆரம்பிக்காதே, பிடிதுணியில் ஆரம்பி. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலரை இன்ச்சில் நாலு பருத்தித் துண்டு, ஒரு பழைய துவாலைத் துண்டு, அடிக்கு ஒரு ஜீன்ஸ் துண்டு, கைத்தையல் ஊசி, பருத்தி நூல். முதல் வகுப்பில் துணியைத் துவைத்து அயர்ன் செய்ய மட்டும் சொல்லு. இரண்டாவதில் வெட்டு. துணி எங்கே கிடைக்கும் என்று பிள்ளைகள் கேட்டால், அவரவர் அம்மா பிளவுஸ் தைக்கிற கடையில் போய்க் கேட்கட்டும், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்படியும் பற்றாமல் போனால் என்னிடம் இன்னொரு சாக்கு அப்படியே இருக்கிறது.